கைப்பேசியில் எடுத்த படங்களை இணையத்தில் விற்றுச் சம்பாதிக்க முடியுமா?

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது. பாலர் பள்ளியில் பகுதிநேர வேலை பார்க்கிறார். கையில் மூன்று வருடப் பழைய கைப்பேசி, தம்பி கொடுத்த ஒரு மிரர்லெஸ் கேமரா. "இணையத்தில் படம் விற்றால் மாதம் ஐந்நூறு, அறுநூறு வெள்ளி வருமாமே, உண்மையா? எந்த மாதிரிப் படம் விற்கும்? சட்டச் சிக்கல் ஏதும் வருமா? புதுக் கேமரா வாங்க வேண்டுமா?" என்று கேட்கிறார். நான் எட்டு வருடமாக, வேலை முடிந்த நேரத்தில் இதைச் செய்து வருகிறேன். எனக்குத் தெரிந்ததை முழுதாகவே சொல்கிறேன்.

முதலில் பணம். மாதம் ஐந்நூறு வெள்ளி முதல் வருடத்தில் வராது. இரண்டாவது வருடத்திலும் வருவது கடினம். என் கணக்கையே சொல்கிறேன். முதல் வருடம் முந்நூறு படம் வரை ஏற்றினேன், மொத்தமாகக் கிடைத்தது 41 அமெரிக்க டாலர். இன்று நான்கு தளங்களில் 2,600 படங்கள் இருக்கின்றன. நல்ல மாதத்தில் 200 வெள்ளிக்குப் பக்கத்தில் வரும், மந்தமான மாதத்தில் 70 வெள்ளி. எங்கள் வீட்டு மின்சாரம், தண்ணீர், கைப்பேசிக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் இதிலேயே போய்விடுகின்றன. எனக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் வாடகைக்கோ பிள்ளையின் கல்விக்கட்டணத்துக்கோ இதை நம்பி இறங்காதீர்கள்.

ஏன் இவ்வளவு குறைவு என்றால், வியாபாரம் நடக்கும் விதம் அப்படி. ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், ஐஸ்டாக், அலமி போன்றவற்றை ஸ்டாக் தளங்கள் என்பார்கள். நீங்கள் படத்தை ஏற்றுகிறீர்கள். விளம்பர நிறுவனம், மருத்துவமனை, வங்கி, பத்திரிகை என்று யாருக்காவது தேவைப்படும்போது கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் உரிமையை வாங்குகிறார்கள். அதில் ஒரு பங்கு உங்களுக்கு. காப்புரிமை உங்களிடமே இருக்கும், அதனால் ஒரே படம் நூறு தடவையும் விற்கலாம். ஒரு தளத்துக்கு மட்டுமே தருவேன் என்று ஒப்பந்தம் போடாதவரை ஒரே படத்தை நான்கு தளங்களிலும் வைக்கலாம்.

அந்தப் பங்குதான் சிறியது. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன் முதல் 15 விழுக்காட்டில் தொடங்கி 40 விழுக்காடு வரை படிப்படியாகக் கொடுக்கிறது. எத்தனை படம் விற்றீர்கள் என்பதைப் பொறுத்துப் படி ஏறும், ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் எல்லாரும் மறுபடி முதல் படிக்கு வந்துவிடுவார்கள். சந்தா கட்டிய வாடிக்கையாளர் வாங்கினால் சில சமயம் ஒரு படத்துக்கு 10 அமெரிக்க காசுதான் கிடைக்கும். அடோபி ஸ்டாக் புகைப்படங்களுக்கு 33 விழுக்காடு தருகிறது, 25 டாலர் சேர்ந்த பிறகே பணத்தை எடுக்கலாம். ஒரு விற்பனைக்குச் சராசரியாக 35 காசு என்று வைத்தால் 25 டாலர் சேர 72 தடவை விற்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு இறங்கினால் இரண்டாம் மாதத்திலேயே சோர்ந்துபோக மாட்டீர்கள்.

சரி, என்ன படம் விற்கும்? இதில்தான் நான் ஒரு வருடத்தை வீணாக்கினேன். புதிதாக வருகிற எல்லாரையும் போல மரினா பே பக்கம் போனேன். இரவு விளக்கு, ஹெலிக்ஸ் பாலம், மெர்லயன், தண்ணீரில் விழும் நிழல் என்று முக்காலியை வைத்து நாற்பது, ஐம்பது படம். பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஒன்றுகூட விற்கவில்லை. அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எடுத்த படங்கள் ஏற்கெனவே அங்கே கிடக்கின்றன. அதில் பாதி, தொழிலாகவே படம் எடுப்பவர்கள் விலையுயர்ந்த லென்ஸில் எடுத்தவை. போதாததற்கு, தனித்துத் தெரியும் கட்டடங்களை விளம்பரப் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொள்ளத் தளங்கள் தயங்கும். மெர்லயன் சின்னத்தைப் பயன்படுத்தப் பயணத்துறைக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

எனக்கு அதிகம் விற்ற படம் எங்கள் சமையலறையில் எடுத்தது. அம்மாவுக்கு இரத்த அழுத்தமும் நீரிழிவும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஏழு மூடி உள்ள மாத்திரைப் பெட்டியை அந்த வாரத்துக்கு நிரப்புவார். ஜன்னல் வெளிச்சம் வலப் பக்கமிருந்து விழும். சுருக்கம் விழுந்த விரல், மெல்லிய இரண்டு வளையல், உருண்டு ஓடப் பார்க்கும் ஒரு வெள்ளை மாத்திரையை ஆள்காட்டி விரலால் தடுத்துப் பிடிக்கும் அந்த ஒரு கணம். அதை எடுத்தேன், ஏற்றினேன், தளம் திருப்பி அனுப்பிவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. மாத்திரை அட்டையில் நிறுவனத்தின் பெயர், பின்னால் சுவரில் மளிகைக் கடை கொடுத்த நாட்காட்டி, மருந்துப் பொட்டலத்தில் அம்மாவின் முழுப் பெயர். கடைசியில் சொன்னது எனக்கு அதிர்ச்சியாகவே இருந்தது. அம்மாவின் மருத்துவ விவரத்தை உலகம் பார்க்க வைக்க இருந்தேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி எடுத்தேன். அட்டைகளை வெள்ளி நிறப் பக்கம் மேலே இருக்கும்படி திருப்பி வைத்தேன், நாட்காட்டியைக் கழற்றினேன், பொட்டலங்களை அலமாரியில் வைத்தேன். இடப் பக்கம் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்ததும் கைக்கு அடியில் இருந்த கரிய நிழல் இளகியது. அப்புறம் முக்கியமான ஒன்று: சட்டகத்தின் இடப் பக்க மூன்றில் ஒரு பங்கை வெறும் மேசையாகவே விட்டேன். வாங்குபவர் அங்கேதான் தன் வாசகத்தைப் போடுவார். கண்காட்சிக்கு எடுக்கும் படத்துக்கும் விற்பதற்கு எடுக்கும் படத்துக்கும் பெரிய வித்தியாசம் இந்த வெற்றிடம்தான். அந்த ஒரு படம் இன்று வரை மாதாமாதம் விற்கிறது. யார் வாங்கினார் என்று தளம் சொல்லாது. எதற்குப் பயன்பட்டிருக்கும் என்று ஊகிக்கலாம்: முதியோர் நலம், மருந்தை நேரத்துக்கு எடுத்துக்கொள்ளுதல், வீட்டுப் பராமரிப்பு. 2030க்குள் குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதில் இருப்பார் என்று அரசாங்கமே சொல்லும் நாடு இது. அதைப் பற்றிய துண்டுப் பிரசுரங்களுக்கும் இணையப் பக்கங்களுக்கும் படம் வேண்டும், அதில் இருக்கும் கை நம் ஊர்க் கையாக இருக்க வேண்டும்.

அதனால் சகோதரி, கேமராவை எடுத்துக்கொண்டு ஊர்கோலம் போகும் முன் உங்கள் வீட்டையும் அடுக்குமாடிப் புளோக்கையும் பாருங்கள். தாழ்வாரத்தில் கோலம் போடும் கை. மூங்கில் கழியில் காயும் துணி. சாப்பாட்டு மேசையில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் தாத்தா. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மகளுக்குச் சடை பின்னும் அம்மா. பிளாஸ்டிக் பையில் கட்டிய காப்பி. உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் வரிசையாக இருக்கும் கறிவேப்பிலை, துளசித் தொட்டிகள். சேலை கட்டிய பெண் மடிக்கணினியில் வேலை செய்வது. நமக்கு இதெல்லாம் தினமும் பார்த்துச் சலித்தவை. ஆனால் 'இந்தியக் குடும்பம், சிங்கப்பூர்' என்று தேடும் விளம்பர நிறுவனத்துக்கு இன்னும் சரியான படம் கிடைப்பதில்லை. கிடைப்பதெல்லாம் பளபளக்கும் ஸ்டூடியோவில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் மாடல்கள்தான். நம்மைப் பற்றிய படங்களை நாமே எடுத்து வைக்காவிட்டால், வேறெங்கோ எடுத்த படம்தான் நம் பெயரில் போஸ்டரில் வரும். இது எனக்குப் பணத்தைத் தாண்டியும் முக்கியம்.

படத்தை எடுத்து முடித்ததும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மீதிப் பாதி குறிச்சொல். வாங்குபவர் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை, சொல்லைத் தட்டித்தான் தேடுகிறார். ஷட்டர்ஸ்டாக்கில் 50 குறிச்சொல் வரை போடலாம், அடோபியில் 49. அடோபியில் முதல் பத்துக்குத்தான் அதிக எடை, அதனால் வரிசை முக்கியம். எல்லாம் ஆங்கிலத்தில்தான். அம்மாவின் படத்துக்கு நான் முதலில் 'அம்மா', 'கை', 'மேசை' என்பதன் ஆங்கிலச் சொற்களைப் போட்டிருந்தேன். அப்படி யார் தேடுவார்? பிறகு வாங்குபவரின் இடத்தில் உட்கார்ந்து யோசித்தேன். அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை 'முதியோர் மருந்தை மறக்காமல் சாப்பிடுவது பற்றி ஒரு பக்கம்' என்றால் எதைத் தட்டுவார்? மூத்தோர், மருந்து, மாத்திரைப் பெட்டி, தினசரி பழக்கம், நீண்டகால நோய், பராமரிப்பு, ஆசியர், இந்தியர், வீடு. இந்த வரிசையில் மாற்றிய பிறகுதான் அந்தப் படம் நகர ஆரம்பித்தது.

நம் பண்டிகைப் படங்களில் இன்னொரு சங்கதி. கோலம் என்று மட்டும் போடாதீர்கள், ரங்கோலி என்றும் போடுங்கள். வெளியே பலருக்கு அந்தச் சொல்தான் தெரியும். ஆனால் பொங்கலைத் தீபாவளி என்றோ, கரகத்தைக் காவடி என்றோ பொய்யாகக் குறிக்காதீர்கள். தவறான சொல்லால் ஒரு விற்பனை கூடலாம், அப்புறம் அந்தத் தவறு ஏதோ ஒரு பள்ளிப் பாடத்தாளில் அச்சாகும். தைப்பூசத்தையும் தீமிதியையும் எடுக்கும் பலர் விவரக் குறிப்பில் எதையாவது எழுதி வைத்திருப்பதைப் பார்த்து எனக்கு மிகவும் வருத்தம் உண்டு. தைப்பூசப் படம் என்றால், சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் தொடங்கி, டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலில் முடியும் ஊர்வலம் என்று ஒரே வரி சரியாக எழுதினால் அந்தப் படத்துக்கே மதிப்புக் கூடும். செய்திப் பிரிவில் படம் ஏற்றும்போது ஊர், நாடு, தேதி என்று தொடங்கிக் குறிப்பு எழுதச் சொல்வார்கள், அதை அப்படியே பின்பற்றுங்கள்.

தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷட்டர்ஸ்டாக்கும் அடோபியும் குறைந்தது 4 மெகாபிக்சல் ஜேபெக் கோப்பு கேட்கின்றன. உங்கள் கைப்பேசிக்கே அது தாராளம். ஏற்றும் முன் படத்தை நூறு விழுக்காடு பெரிதாக்கி மூலைமூலையாகப் பாருங்கள். மங்கல், இருட்டில் தெரியும் புள்ளி, சாய்ந்த அடிவானம், சட்டையில் ஒரு சின்னம், இவற்றில் ஒன்று இருந்தாலும் திரும்பி வரும். வாட்ஸ்அப்பில் வந்து போன கோப்பை ஏற்றவே ஏற்றாதீர்கள், அதில் தரம் போயிருக்கும். வண்ணத்தை அள்ளிக் கொட்டும் ஃபில்டர் வேண்டாம்.

இனி சட்டமும் ஒப்புதலும். இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் வேலை பிள்ளைகளோடு இருக்கிறது.

ஒருவரை அடையாளம் காண முடிகிற படத்தை விளம்பரப் பயன்பாட்டுக்கு விற்க அவருடைய கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். தளங்களே அந்தப் படிவத்தைக் கொடுக்கின்றன. 'மாடல் ரிலீஸ்' என்று கேட்டால் கிடைக்கும். அம்மாவாக இருந்தாலும் கையெழுத்து வேண்டும். முகம் தெரியாத கை மட்டும் என்றாலும் நான் வாங்கி வைத்துவிடுவேன். கையெழுத்து வாங்கும்போது ஒன்றை வாய்விட்டுச் சொல்லுங்கள்: இந்தப் படம் எங்கே, எந்த விளம்பரத்தில் வரும் என்று என்னால் கட்டுப்படுத்த முடியாது. நீரிழிவு விளம்பரத்தில் தன் முகம் வந்தால் பரவாயில்லையா என்று அவர் யோசித்துச் சொல்லட்டும். என் பெரியம்மா யோசித்துவிட்டு வேண்டாம் என்றார், அந்தப் படங்களை அழித்துவிட்டேன்.

பிள்ளைகள் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் பாலர் பள்ளிப் பிள்ளைகளை எடுக்கவே எடுக்காதீர்கள். பள்ளி நிகழ்ச்சிக்குப் படம் எடுக்கப் பெற்றோர் கொடுத்த சம்மதம் விற்பதற்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. பின்னால் திரும்பி நிற்கும் பிள்ளை, சுவரில் ஒட்டியிருக்கும் ஓவியம், பெயர் எழுதிய பை, எதுவும் வேண்டாம். ஓவியம்கூட அந்தப் பிள்ளையின் படைப்புதான். உங்கள் சொந்தப் பிள்ளையை எடுத்தாலும் பள்ளிச் சீருடையும் பெயர்ப் பட்டையும் தெரியக் கூடாது.

தெருவில், ஊர்வலத்தில் எடுத்த படங்களுக்குச் செய்திப் பிரிவு இருக்கிறது, எடிட்டோரியல் என்பார்கள். அதில் ஒப்புதல் படிவம் தேவையில்லை, ஆனால் விளம்பரத்துக்கு விற்க முடியாது, படத்தில் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது. கோயிலுக்குள் எடுப்பதாக இருந்தால் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அலகு குத்தும் நேரத்தில் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது எந்தச் சட்டம் அனுமதித்தாலும் முறையாகாது.

சுவரோவியம் பற்றிப் பலருக்குத் தெரியாது. பொது இடத்தில் நிலையாக இருக்கும் கட்டடத்தையும் சிலையையும் படம் எடுக்க நம் காப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. சுவரில் வரைந்த ஓவியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. லிட்டில் இந்தியாவிலும் சைனாடவுனிலும் இருக்கும் அழகான சுவரோவியங்களை எடுத்து விற்றால் இன்னொரு கலைஞரின் உழைப்பை விற்கிறீர்கள் என்று பொருள். கடைத்தொகுதி, பூங்கா, எம்ஆர்டி நிலையம் போன்ற இடங்களில் நினைவுக்காக ஒரு படம் எடுப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. வியாபாரத்துக்கு என்றால் முன்கூட்டியே அனுமதி கேட்பதே நல்லது. சிவப்பு எச்சரிக்கைப் பலகை வைத்த பாதுகாக்கப்பட்ட இடங்களின் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். ட்ரோன் ஆசை இருந்தால், 250 கிராமுக்கு மேற்பட்டதைப் பதிவு செய்ய வேண்டும். பொழுதுபோக்கோ கல்வியோ அல்லாத காரணத்துக்கு என்றால் எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அனுமதி வாங்க வேண்டும்.

நீங்கள் குடிமகளா, நிரந்தரவாசியா என்று எழுதவில்லை. அந்த இரண்டில் ஒன்று என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் இதைப் படிக்கும் பலர் வேலை அனுமதிச் சீட்டிலோ எஸ் பாஸிலோ இருக்கலாம். அவர்கள் அந்த முதலாளியிடம் அந்த வேலையை மட்டுமே செய்யலாம், பக்க வியாபாரம் அனுமதிச் சீட்டின் நிபந்தனைக்கு எதிரானது. நாற்பது டாலருக்காக வேலையையே ஆபத்தில் வைக்காதீர்கள் தம்பிகளே. மனிதவள அமைச்சிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வந்த பிறகு முடிவு செய்யுங்கள். அதுவரை படம் எடுங்கள், கற்றுக்கொள்ளுங்கள், விற்காதீர்கள்.

வரிக்கு வருவோம். பெரிய தளங்கள் பல அமெரிக்க நிறுவனங்கள். பதிவு செய்ததும் டபிள்யூ-8பென் என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். பயப்பட வேண்டாம், நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று உறுதி சொல்லும் படிவம்தான். ஆனால் அமெரிக்காவோடு சிங்கப்பூருக்கு முழுமையான இரட்டை வரி ஒப்பந்தம் கிடையாது. அதனால் அமெரிக்க வாடிக்கையாளர் வாங்கிய பங்கில் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். இந்தியாவில் இருக்கும் உறவினர் ஒருவர் இதே தொழிலைச் செய்தால் ஒப்பந்தப்படி குறைவாகப் பிடிப்பார்கள். அதற்காக அவர் முகவரியைப் போட்டுக் கணக்குத் திறக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது பொய் உறுதிமொழி. மற்ற நாட்டு விற்பனைக்கு இந்தப் பிடித்தம் இல்லை.

இங்கே, வருமான வரிப் படிவத்தில் சம்பளத்தோடு இந்த வருமானத்தையும் காட்ட வேண்டும். கேமரா, மென்பொருள் போன்ற செலவுகளின் ரசீதை வைத்திருங்கள். சொந்தத் தொழிலின் நிகர வருமானம் வருடத்துக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் செலுத்த வேண்டியிருக்கும். ஸ்டாக் படத்தால் மட்டும் அந்த அளவுக்கு வர ரொம்ப நாளாகும்.

ஆனால் கீழே சொல்லப்போகும் வழியில் கொஞ்சம் சீக்கிரம் வரலாம். ஸ்டாக் தளத்தில் பழகிய கை, பக்கத்துக் கடைக்கு உதவும். எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில் ஒரு அக்கா ரொட்டிப் பிராட்டாவும் தோசையும் போடுகிறார். உணவு விநியோகச் செயலியில் அவர் கடைப் படங்கள் இருட்டாக, எண்ணெய்க் கறையாகத் தெரிந்தன. மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு வாழையிலையும் வெள்ளை அட்டையும் எடுத்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டு பதார்த்தங்களை எடுத்துக் கொடுத்தேன். 150 வெள்ளி கொடுத்தார். ஸ்டாக்கில் அந்தத் தொகைக்கு முந்நூறு தடவைக்கு மேல் விற்க வேண்டும். அவர் மூலம் இன்னும் மூன்று கடை வந்தது. சேலை, நகை, வீட்டில் செய்யும் முறுக்கு விற்பவர்கள் எல்லாருக்கும் இந்தத் தேவை இருக்கிறது.

இப்படி ஒருவர் சொல்லி எடுக்கும் படத்தின் காப்புரிமை யாருக்கு என்ற கேள்வி வரும். 2021 நவம்பர் 21ஆம் தேதி புதிய காப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை போனது. இப்போது வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் எடுத்தவருக்கே உரிமை. ஆனாலும் நான் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதிவிடுவேன்: 'அக்கா, இந்தப் படங்களை உங்கள் கடைக்கு எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், நான் வேறு யாருக்கும் விற்க மாட்டேன்.' அவர் கடைத் தோசை இன்னொருவர் மெனுவில் வந்தால் அவருக்கு வலிக்கும் அல்லவா?

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி யார் படம் வாங்குவார் என்றும் சிலர் கேட்கிறார்கள். பொதுவான படங்களின் விலை அடிபட்டிருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். கைகுலுக்கும் இரண்டு பேர், மேகம், பழக்கூடை, இதற்கெல்லாம் இனி நேரம் செலவழிக்காதீர்கள். ஷட்டர்ஸ்டாக் படைப்பாளர்களிடமிருந்து இயந்திரம் உருவாக்கிய படங்களை வாங்குவதில்லை. அடோபி, அப்படி என்று குறிப்பிட்டால் ஏற்றுக்கொள்கிறது. அடோபியின் படம் உருவாக்கும் இயந்திரமான ஃபயர்ஃபிளை, அடோபி ஸ்டாக்கில் இருந்த படங்களைக் கொண்டும்தான் பயிற்சி பெற்றது, அதற்காகப் படைப்பாளர்களுக்கு 2023இல் ஒரு தொகையும் வந்தது. இது பிடிக்காதவர்கள் பதிவு செய்யும் முன் நிபந்தனைகளில் இந்தப் பகுதியைத் தேடிப் படியுங்கள். இயந்திரத்திடம் பொங்கல் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பானையில் கட்டிய மஞ்சள் கொத்தைக்கூட அதற்குச் சரியாக வரைய வரவில்லை.

மோசடியைச் சொல்லாமல் விட முடியாது. உண்மையான ஸ்டாக் தளம் எதுவும் சேர உங்களிடம் பணம் கேட்காது. 'உங்கள் இன்ஸ்டாகிராம் படத்தை 2,000 டாலருக்கு டிஜிட்டல் சொத்தாக வாங்குகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்று செய்தி வந்தால் தடுத்துவிடுங்கள். படங்களுக்கு லைக் போட்டுக் கமிஷன் வாங்கும் வேலை என்று டெலிகிராமில் வருவதும் அதே ரகம்: முதலில் சில வெள்ளி தருவார்கள், அப்புறம் உங்களைக் கட்டச் சொல்வார்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள். தேக்காவில் பூ விற்கும் ஒரு அண்ணன் இப்படி மூவாயிரம் வெள்ளி இழந்தார். வெட்கப்பட்டு நாலு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியாகக் கேமரா. வாங்காதீர்கள். தம்பி கொடுத்த மிரர்லெஸ் போதும், நல்ல வெளிச்சத்தில் கைப்பேசியும் போதும். புத்தகக் கடையில் ஒரு பெரிய வெள்ளை அட்டை வாங்குங்கள், நிழலை இளக்க அதைவிட நல்ல கருவி இந்த விலையில் இல்லை. அசையாமல் நிற்க ஒரு சிறிய முக்காலி. இந்த இரண்டுக்கும் முப்பது வெள்ளிக்கு மேல் செலவழிக்க வேண்டாம். தளத்திலிருந்து வரும் பணத்தைக் கொண்டே அடுத்த பொருளை வாங்குவது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். மூன்றாம் வருடம்தான் லென்ஸ் வாங்கினேன்.

பண்டிகைப் படங்களை வாங்குபவர்கள் இரண்டு மூன்று மாதம் முன்பே தேடத் தொடங்கிவிடுவார்கள். தை மாதம் எடுத்து அன்றே ஏற்றினால் அந்த வருடச் சந்தை முடிந்திருக்கும். பொங்கல் படங்கள் அக்டோபரிலேயே தளத்தில் இருக்க வேண்டும். அதனால் போன பொங்கலுக்கு உங்கள் கைப்பேசியில் எடுத்தவற்றைத் தேடிப் பாருங்கள். பால் பொங்கும் கணம், கரும்பை வெட்டும் கை, வாசல் கோலத்துக்குப் பக்கத்தில் கழற்றிவிட்ட சின்னச் செருப்பு என்று ஏதாவது நிச்சயம் இருக்கும். பெயரும் சின்னமும் தெரியாத பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து, குறிச்சொற்களை ஒரு தாளில் எழுதிவைத்து, முதலில் ஒரே தளத்தில் ஏற்றுங்கள். திரும்பி வந்தால் என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.